மணநாள் கவுனுக்கு உள்ளே என்ன வேண்டும்: கோர்செட்டா, போனிங் வைத்த மேல்பாகமா, ஷேப்வேரா, வெறும் நல்ல வெட்டா?

ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழா முடிந்தவுடன் குமரி மாவட்டத்தில் கலியாணப் பருவம் தொடங்கிவிடுகிறது. தவக்காலத்துக்காகத் தள்ளி வைக்கப்பட்ட திருமணங்கள் ஏப்ரல், மே மாதங்களின் வெக்கையில் அடுத்தடுத்து நடக்க, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளின் தையலகங்களில் வெள்ளைக் கவுன்களும் வெள்ளைச் சேலைக்கான பிளவுஸ்களும் குவிகின்றன. மணப்பெண்ணும் அவளுடைய அம்மாவும் தையல்காரரும் சேர்ந்து நெடுநேரம் பேசியும் முடிவுக்கு வராத கேள்வி ஒன்று அங்கே உண்டு. கவுனுக்கு உள்ளே, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கோர்செட் வேண்டுமா? வேண்டுமென்றால், முதுகில் கயிறு இழுத்துக் கட்டும் எஃகுப் பட்டைக் கோர்செட்டா, கவுனின் மேல்பாகத்திலேயே போனிங் எனப்படும், துணியை விறைப்பாக நிறுத்தும் பட்டைகளை வைத்துத் தைத்தால் போதுமா, கடையில் கிடைக்கும், நீளும் துணியாலான ஷேப்வேரை உள்ளே அணிந்துகொள்ளலாமா, அல்லது இவை எதுவும் இல்லாமல் மார்பிலிருந்து இடுப்பு வரை தையல் ஓடும் நல்ல பிரின்சஸ் கட்டும் உறுதியான லைனிங்கும் இருந்தாலே வேலை முடிந்துவிடுமா?

பெரும்பாலும் இந்தப் பேச்சு இடுப்பு எத்தனை அங்குலம் குறையும் என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கவுனின் எடையை உடலின் எந்த இடம் தாங்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மேலே சொன்ன நான்கில் இரண்டு தாமாகவே விலகிவிடும்.

எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

முதல் அளவுகோல் எடை. பல அடுக்கு நெட்டும் பாவாடையை விரித்து நிறுத்தும் கேன்கேனும் மணி வேலையும் சேர்ந்த கவுன் கையில் தூக்கும்போது தோன்றுவதைவிடக் கனமானது. வளைகுடா நாடுகளுக்குப் போய்வருவோர் பெட்டியை நிறுக்கப் பயன்படுத்தும் கைத்தராசு நம் மாவட்டத்தில் பல வீடுகளில் இருக்கிறது. கவுனை ஹேங்கரோடு அதில் மாட்டி நிறுத்துப் பாருங்கள். 3 கிலோவுக்கு மேல் போனால், அந்தக் கவுனுக்கு உள்கட்டுமானம் வேண்டுமா என்ற கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, தோள். தோளில் துணி உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தத் துணி எடையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தோள் மூடியிருக்க வேண்டும் என்று பங்கு ஆலயத்தில் சொல்லியிருப்பதால், தோளில்லாத கவுனின் மேல் மெல்லிய நெட் துணியில் கழுத்தும் கையும் வைத்துத் தைப்பது இப்போது பரவலாக இருக்கிறது. பார்வைக்கு அது தோள் மூடிய கவுன். கட்டுமானத்தில் அது தோளில்லாத கவுனேதான், ஏனென்றால் அந்த நெட் இழுவைக்கு நீளுமே தவிர எடையைச் சுமக்காது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதால்தான் ஆலயத்துக்குள் நடக்கும்போதே மேல்பாகம் இறங்கி, மணப்பெண் இரண்டு கையாலும் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கும் நிலை ஏற்படுகிறது.

மூன்றாவது, நேரமும் உடல் நிலைகளும். காலையில் ஒப்பனைக்கு உட்கார்வதிலிருந்து ஆலயத்தில் நிற்பது, முழங்காலிடுவது, பாடுவது, மண்டப மேடையில் விருந்தினரோடு நின்று படமெடுப்பது, பருப்பும் சாம்பாரும் புளிசேரியும் ரசமுமாக வந்து பாயசத்தில் முடியும் விருந்துக்கு உட்கார்வது வரை அந்த உடை உடலில் இருக்கும். நான்காவது, நம் ஊர்க் காற்று. கடலோர ஈரமும் உப்பும் வியர்வையும் துணிக்கு ஒன்றும் உலோகத்துக்கு வேறொன்றும் செய்யும். ஐந்தாவது, தைப்பவரின் பழக்கம். ஆறாவது, அணிபவளின் உடல்நிலையும் விருப்பமும். தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசின் அனுமதி அறிவிப்பைப் பெற்ற மண் இது. மேலுடை எப்படி இருக்க வேண்டும் என்பதில் இறுதிச் சொல் அதை அணிபவளுடையது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கோர்செட் எப்படிக் கட்டப்படுகிறது, உடலை என்ன செய்கிறது

ஒப்பீட்டுக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற மூன்று வழிகளும் கோர்செட்டின் வேலையில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மறு பகுதியை விட்டுவிடுபவை.

இடுப்பை இறுக்குவது எஃகுப் பட்டைகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இறுக்குவது துணி. கோர்செட்டின் உயிர் அதன் நடு அடுக்கில் இருக்கும், நீளவே நீளாத, நெருக்கமாக நெய்யப்பட்ட பருத்தித் துணிதான். மேலைநாட்டுத் தையல்காரர்கள் இதற்கென்றே மீன்முள் வடிவ நெசவுள்ள கூட்டில் என்னும் துணியைப் பயன்படுத்துகிறார்கள். இடுப்பில் ஒடுங்கி மார்பிலும் இடையின் கீழும் விரியும் பல துண்டுகளாக அதை வெட்டிச் சேர்க்கும்போதே வடிவம் பிறந்துவிடுகிறது. அந்த வடிவத்தைக் கயிற்றால் இழுக்கும்போது துணி இடுப்பைச் சுற்றி இழுவிசையை உண்டாக்குகிறது. பட்டைகள் இல்லாவிட்டால் அந்த இழுவையில் துணி மேலும் கீழுமாகச் சுருங்கி இடுப்பில் கயிறு போலத் திரண்டுவிடும். அப்படித் திரளாமல் துணியை நெடுக நிமிர்த்தி வைப்பதும், இடுப்பில் விழும் அழுத்தத்தை மேலும் கீழும் பரப்பிக் கொடுப்பதும் பட்டைகளின் வேலை. கூடாரத்தில் துணியை விறைப்பாக நிறுத்தும் கம்பிகளின் வேலை எதுவோ அதுதான் இங்கே பட்டைகளின் வேலையும்.

இடுப்பு மட்டத்தில், உட்புறமாக, ஒரு நீளாத நாடா சுற்றித் தைக்கப்படுகிறது. இழுவை அதிகமாக விழும் இடம் அது என்பதால், தையல் விட்டுப்போகாமல் காப்பது இந்த நாடாதான். முன்புறம் இரண்டு உறுதியான எஃகுத் தகடுகள், ஒன்றில் குமிழும் மற்றொன்றில் வளையமுமாக, கோர்செட்டைத் திறந்து மூட உதவுகின்றன. முதுகில் உலோகக் கண்ணிகள் வழியாகக் கயிறு குறுக்கும் நெடுக்கும் போய், இடுப்பு மட்டத்தில் இரண்டு நீண்ட வளையங்களாக வெளியே வரும். அவற்றைப் பிடித்து இழுத்தால் இடுப்பில்தான் முதலில் இறுகும். உலோகக் கண்ணிகள் 1820களில் புழக்கத்துக்கு வருவதற்கு முன், கையால் தைத்த துளைகள் வழியாகவே கயிறு போனது. அளவுக்கு மீறி இழுத்தால் துளை கிழிந்துவிடும். இறுக்கத்துக்குத் துணியே ஒரு வரம்பு வைத்திருந்த காலம் அத்துடன் முடிந்தது. பட்டைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. திமிங்கல எலும்பு என்று சொல்லப்பட்ட பழைய பட்டை எலும்பே அல்ல. சில திமிங்கலங்களின் வாயில் சீப்புப் போல வளரும், நம் நகத்தின் இயல்புடைய பொருள் அது. உடற்சூட்டில் மெல்ல வளைந்து அணிபவரின் வடிவத்துக்கு இசைந்துவிடும் என்பதே அதன் சிறப்பு. இன்றைய தட்டை எஃகுப் பட்டை முன்னும் பின்னும் மட்டும் வளையும். கம்பியைச் சுருட்டிச் செய்த சுருள் பட்டை பக்கவாட்டிலும் வளையும் என்பதால் மார்பும் விலாவும் வளையும் தையல்களில் அதை வைப்பார்கள்.

இனி உடல். கோர்செட் எதையும் கரைப்பதில்லை. இடுப்பிலுள்ள மென்மையான தசையையும் கொழுப்பையும் மேலும் கீழும் நகர்த்துகிறது. முன்புறம் எதனோடும் இணையாத கடைசி இரண்டு இணை விலா எலும்புகள் சற்று உள்ளே வளைந்து கொடுக்கின்றன. நம் இடுப்பின் குறுக்குவெட்டு இயல்பில் நீள்வட்டம். பக்கங்களில் வளைவு கூர்மை, வயிற்றிலும் முதுகிலும் தட்டை. ஒரே அளவு இழுவையில் வளைவு கூர்மையான இடத்தில் அழுத்தம் அதிகமாக விழும் என்பதால், பக்கங்கள் உள்ளே போய், அந்த நீள்வட்டம் வட்டத்தை நோக்கி நகர்கிறது. ஆகவே கோர்செட் அணிந்த இடுப்பு முன்னிருந்து பார்க்க மிகவும் குறுகியும், பக்கத்திலிருந்து பார்க்க அவ்வளவு மாறாமலும் தெரியும். மேடையில் நேராக நின்று எடுக்கும் படத்துக்காகவே கோர்செட் வேண்டும் என்பவர்கள் நினைத்தது நடக்கும். பக்கவாட்டில் வயிறு தட்டையாகத் தெரிய வேண்டும் என்று அதை நாடுபவர்கள் ஏமாறக்கூடும்.

மூச்சும் மாறுகிறது. வயிறு முன்னே வர இடமில்லாதபோது உதரவிதானம் முழுமையாகக் கீழிறங்க முடியாது. மூச்சு மார்பின் மேற்பகுதிக்கு ஏறுகிறது. குனிய வேண்டுமென்றால் இடுப்பில் வளைய முடியாது, தொடை சேரும் இடத்தில்தான் மடங்க முடியும். முதுகு நிமிர்ந்தே இருக்கும். இவையெல்லாம் அணிந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே உரியவை. கழற்றிச் சிறிது நேரத்தில் உடல் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். சில வாரம் இறுக்கக் கட்டினால் இடுப்புக் கொழுப்பு நிரந்தரமாகக் குறையும் என்று சொல்லி விற்கப்படும் பட்டைகளை நம்ப வேண்டாம்.

எஃகுப் பட்டைக் கோர்செட்

கனமான, தோளில்லாத கவுனுக்கு இதற்கு இணை வேறில்லை. எடை மார்பில் தொங்காமல் இடுப்பில் இறங்கி, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் அமர்கிறது. நன்றாகப் பொருந்திய கோர்செட் அணிந்தவர்கள் கவுன் இலேசாகிவிட்டது என்று சொல்வதன் காரணம் இதுதான். பெரிய மார்பகம் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை அறுக்காமல் கீழிருந்து தாங்கும் பயனும் உண்டு. கயிறு இருப்பதால், கலியாண அலைச்சலில் உடல் கொஞ்சம் இளைத்தாலும் பருத்தாலும் அன்று காலையில் சரிசெய்துகொள்ளலாம்.

இதன் மறைமுகச் செலவுகள் பணத்தில் தொடங்கிப் பணத்தைத் தாண்டிப் போகின்றன. கோர்செட்டுக்கான துணியும் எஃகுப் பட்டையும் முன்புறத் தகடும் நம் ஊர்ச் சாதாரணத் தையல்பொருள் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பவை அல்ல; வரவழைக்க வேண்டும். துணி கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த கனத்த டிரில் பருத்தி ஓரளவுக்கு ஈடு கொடுக்கும். ஆனால் இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டும் கேன்வாஸ் அதற்கு மாற்றாகாது. அது துணியை விறைப்பாக்கும், இழுவையைத் தாங்காது. வியர்வையில் பசை விட்டுக் குமிழ் குமிழாக எழும்பவும் செய்யும். அடுத்து, கோரா எனும் வெளுக்காத பருத்தித் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்க்காமல் நேரடியாக நல்ல துணியில் வெட்டும் கோர்செட் பெரும்பாலும் எங்காவது கடிக்கும். கோர்செட் உடலைவிட 2 முதல் 4 அங்குலம் வரை சிறிய இடுப்பளவில் வெட்டப்படுவது; வழக்கமான பிளவுஸ் அளவில் பழகிய கைக்கு இந்தக் கணக்கு புதிது. முதுகில் கயிறு கட்டியபின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில், சுமார் 2 அங்குலம் இடைவெளி நிற்க வேண்டும். கீழே அகன்று மேலே ஒட்டியிருந்தால் இடைக்குக் கீழே இடம் போதவில்லை. மேலே அகன்றிருந்தால் மார்புக்கு இடம் போதவில்லை. தைத்தவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் இந்த இடைவெளியைப் பார்த்துப் பொருத்தத்தை நீங்களே அறிந்துகொள்ளலாம்.

நம் மாவட்டத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை: துரு. கோர்செட் பட்டைகள் பூச்சு பூசியே வருகின்றன. அளவுக்கு வெட்டும்போது அந்த முனையில் பூச்சு போய்விடுகிறது. உப்பு கலந்த வியர்வையும் கடலோர ஈரமும் அந்த முனையைத் தேடிப் பிடிக்கும். வெள்ளைச் சாட்டினில் பழுப்புக் கறை விழுந்தால் எடுப்பது மிகக் கடினம். ஒவ்வொரு வெட்டு முனைக்கும் உலோகத் தொப்பியோ நல்ல பூச்சோ வைத்தார்களா என்று, பட்டைகளை உள்ளே செருகித் தைக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பிற்பாடு பிரித்துப் பார்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

உணவும் கழிப்பறையும் பேசக் கூச்சப்படும் விஷயங்கள், ஆனால் பேசியாக வேண்டும். இறுக்கிக் கட்டிய கோர்செட்டோடு முழு விருந்து சாப்பிட முடியாது, நெஞ்செரிச்சல் வரும். அவிழ்த்துக் கட்ட இன்னொருவர் வேண்டும். நெஞ்செரிச்சல் தொல்லை, குடலிறக்கம், ஆஸ்துமா உள்ளவர்களும் அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை அணியக் கூடாது. கருவுற்றிருப்பவர்கள் அணியவே வேண்டாம். விசிறிகள் மட்டும் சுழலும் ஆலயத்தில், மே மாத நண்பகலில், காலையில் சரியாகச் சாப்பிடாமல், இறுக்கமான கோர்செட்டோடு நெடுநேரம் நிற்பது மயக்கத்தை வலிந்து அழைப்பதாகும்.

ஆகவே கவுன் கனமாகவும் தோளில்லாமலும் இருந்து, மண்டபம் குளிரூட்டப்பட்டதாகவும், தைப்பவர் இதற்கு முன் கோர்செட் தைத்தவராகவும், கோரா மாதிரிக்கு நேரம் இருப்பதாகவும் அமைந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். முன்கூட்டியே வாங்கி, வீட்டில் தளர்வாகக் கட்டிச் சில மணி நேரம் அணிந்து பழகுவதற்கும் நாள்கள் கையில் இருக்க வேண்டும்.

போனிங் வைத்துத் தைத்த மேல்பாகம்

குமரி மாவட்டத்து மணப்பெண்களில் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இங்கே தனிக் கோர்செட் கிடையாது. கவுனின் மேல்பாகத்துக்கு உள்ளே, பருத்தியில் இன்னொரு மேல்பாகம் தைத்து, அதன் தையல்களில் பிளாஸ்டிக் பட்டைகளை ஓட்டி, கப் வைத்து, வெளித்துணியை அதன் மேல் பொருத்துகிறார்கள். இடுப்பை இது பெரிதாகக் குறைக்காது. துணி சுருங்காமலும் மேல்விளிம்பு மடியாமலும் வயிற்றுப் பகுதி வழவழப்பாகவும் நிற்கும். உட்காரலாம், சாப்பிடலாம், பாடலாம்.

ஆனால் பட்டை வைத்துவிட்டால் மட்டும் கவுன் நிற்காது. நம் பக்கம் தைக்கப்படும் பல கவுன்களில் விடுபட்டுப் போவது இடுப்பு நாடா. கோர்செட்டின் உள்ளே இருந்த அதே நாடாதான். இங்கே அது நீளாத, வரி நெசவுள்ள, ஏறத்தாழ ஓர் அங்குல அகல நாடா. மேல்பாகத்தின் உட்புறத்தில் இடுப்பு மட்டத்தில் தையல் சேரும் இடங்களில் மட்டும் அதைப் பிடித்துத் தைத்து, ஜிப்பின் இரு பக்கமும் சில அங்குலம் தைக்காமல் விட்டு, தனியாக ஹூக் வைக்க வேண்டும். அதன் நீளம் கவுனின் இடுப்பளவைவிட அரை முதல் ஓர் அங்குலம் குறைவாக இருக்கும். அணியும்போது முதலில் இந்த நாடாவின் ஹூக்கைப் போட்டுவிட்டுப் பிறகு ஜிப்பை இழுக்க வேண்டும். பாவாடைப் பகுதியின் எடை முழுவதும் நாடா வழியாக இடுப்பில் நின்றுவிடுவதால் ஜிப்புக்கும் இழுவை இல்லை, மேல்பாகமும் கீழிறங்காது. இதற்கு ஆகும் பொருட்செலவு மிகச் சிறியது. கவுனுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பு தையல்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்க வாய்ப்புக் கிடைத்தால், “இடுப்பு நாடா வைப்பீர்களா?” என்று கேளுங்கள். ஆம் என்று சொல்லி, எங்கே வைப்போம் என்றும் சொல்பவரிடம் நம்பி ஒப்படைக்கலாம்.

பிளாஸ்டிக் பட்டையின் குறைகள் வேறு வகை. சுருளாகவே விற்கப்படுவதால் அதற்குச் சுருளும் குணம் ஒட்டியிருக்கும். மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு நேராக்காமல் தைத்தால், மேல்விளிம்பு உடலைவிட்டு வெளியே வளையும் அல்லது முனை மார்பில் குத்தும். உடற்சூட்டில் பல மணி நேரம் உட்கார்ந்தபின் இடுப்பில் மடிந்து, அந்த மடிப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. பாலியெஸ்டர் இழைகளால் நெய்த, தையல் ஊசி நேரடியாகப் போகக்கூடிய பட்டை தைப்பதற்கு எளிது. ஆனால் அதன் வெட்டு முனை நார் நாராகப் பிரிந்து தோலைக் கீறும். முனையைத் துணியால் மூடித் தைக்க வேண்டும். எந்தப் பட்டையானாலும் தையல் கோட்டுக்கு அரை அங்குலம் முன்பே முடிந்துவிட வேண்டும். இடுப்பில் மட்டும் நான்கைந்து எஃகுப் பட்டைகளும் மற்ற இடங்களில் பிளாஸ்டிக்கும் வைக்கும் கலவை முறையும் உண்டு. பருமனான உடலுக்கு அது மிக நன்றாக அமைகிறது.

வெளியில் தெரியும் லேஸை உறுதிக்காக நம்பக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கி வைத்த லேஸ் பின்னல் இந்த மாவட்டத்தின் பெருமைகளில் ஒன்று. அந்தக் கைப்பின்னல் துண்டு யாருடைய வீட்டிலாவது பத்திரமாக இருந்தால் கவுனின் கழுத்திலோ கைவிளிம்பிலோ வைத்துத் தைக்கலாம். இழுவை விழும் இடுப்பிலும் ஜிப் ஓரத்திலும் வைக்க வேண்டாம்.

ஷேப்வேர்

1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசஃப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை, கயிறும் பட்டையும் இல்லாமல் உடலை இறுக்க வழி செய்தது. இன்றைய ஷேப்வேர் அதன் வழிவந்தது. இது கோர்செட்டைப் போல ஓரிடத்தில் ஒடுக்கி வேறிடத்தில் விரிக்காது. எல்லா இடத்தையும் ஓரளவு அழுத்தி வழவழப்பாக்கும். இடுப்பு வளைவு வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம் தரும். சாட்டின் துணியின் மேல் உள்ளாடைக் கோடுகளும் மடிப்புகளும் தெரியக் கூடாது என்பவருக்கு இதுவே போதும். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு.

கவுனின் எடையை இது சிறிதும் தாங்காது. ஷேப்வேர் போட்டிருக்கிறோம் என்று எண்ணித் தோளில்லாத கவுனை உள்கட்டுமானம் இன்றித் தைப்பது தவறான கணக்கு. ஓர் அளவு சிறியதாக வாங்கினால் இன்னும் மெலிந்து தெரியலாம் என்ற எண்ணத்தில் வாங்குபவர்களுக்கு, மேல்விளிம்பு சுருண்டு இறங்கி, மறைக்க நினைத்த மடிப்பைவிடப் பெரிய மடிப்பாகக் கவுனுக்கு வெளியே தெரியும். தொடை சேரும் இடத்தில் மிகவும் இறுகினால் தொடையின் வெளிப்புறத் தோலுக்குப் போகும் நரம்பு அழுந்தி அந்த இடம் மரத்துப்போகலாம். நைலான் கலந்த இறுக்கமான துணி நம் ஈரக் காற்றில் வியர்வையை வெளியே விடாது. வேர்க்குருவும் தொடை உராய்வும் மறுநாள் தெரியவரும்.

இது உண்மையிலேயே சிறப்பாக அமையும் இடம் சேலை. உள்பாவாடைக்குப் பதிலாக அணியும், கீழே சற்று விரிந்த சேலை ஷேப்வேர், பாவாடை நாடா இடுப்பை அறுக்காமலும் கொசுவம் இடம் மாறாமலும் காக்கிறது. காலையில் கவுனும் மாலை வரவேற்பில் பட்டும் என்று திட்டமிடுபவர்கள், மாலைக்கு இதை வைத்துக்கொள்ளலாம். நடையின் அகலம் குறையும் என்பதால், படிகள் அதிகமுள்ள மண்டபம் என்றால் பக்கவெட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எதுவும் இல்லாத நல்ல வெட்டு

தோளில் உண்மையான துணி இருந்தால், அதாவது கையும் தோளும் சாட்டினிலோ கனத்த பட்டிலோ லைனிங்கோடு தைக்கப்பட்டிருந்தால், எடையில் ஒரு பங்கு தோளுக்குப் போய்விடுகிறது. மீதியை இடுப்பு நாடா பார்த்துக்கொள்ளும். அந்த நிலையில் கோர்செட்டின் முதன்மையான வேலையே இல்லாமல் போகிறது. பிரின்சஸ் கட்டில் மார்பின் மேலிருந்து இடுப்பு வரை ஓடும் தையல்கள் வளைவைக் காட்ட, நெருக்கமான பருத்தி லைனிங் அதை நிலைநிறுத்த, பட்டை ஒன்றுகூட இல்லாமல் நேர்த்தியான உருவம் கிடைக்கும். வெள்ளைச் சேலைக்குப் பிளவுஸ் தைப்பவர்களுக்கும் இதுவே போதும். இப்போது பரவியிருக்கும் கோர்செட் பிளவுஸ்களில் பலவற்றில் கோர்செட்டின் கோடுகள் மட்டும்தான் உண்டு, பட்டைகள் வெறும் அலங்காரம். முந்தானையின் எடை ஒரு தோளில் விழும் உடைக்கு அதனால் குறையொன்றும் இல்லை.

இதன் விலை தைப்பவரின் திறமையில் இருக்கிறது. பட்டைகள் சில வெட்டுப் பிழைகளை மறைத்துவிடும். இங்கே எதுவும் மறையாது. ஆகவே மாதிரி தைத்துப் பார்ப்பதை இதிலும் தவிர்க்கக் கூடாது. உள்ளே விடும் தையல் துணி இருபக்கமும் ஓர் அங்குலமாவது இருக்கட்டும், ஏனென்றால் ஜிப் வைத்த உடையைக் கடைசி வாரத்தில் இறக்கவோ ஏற்றவோ அந்த ஓர் அங்குலம்தான் உண்டு. வெக்கையில் நடக்கும் ஆலயத் திருமணத்துக்கும், ஆஸ்துமாவோ நெஞ்செரிச்சலோ உள்ளவருக்கும், விருந்தை நிம்மதியாகச் சாப்பிட விரும்புபவருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

வாடகைக் கவுன் எடுப்பவர்களுக்கு

வாடகைக் கவுன்களில் முதுகில் கயிறு கட்டும் அமைப்பு இருப்பதைப் பார்த்து உள்ளே கோர்செட் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒரே கவுன் பல அளவு உடல்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட கயிறு அது. கண்ணிகள் இருக்கும் இடத்தில் உலோகம் இருக்கிறதா, துணி வளையம் மட்டுமா என்று பாருங்கள். துணி வளையம் இறுக்கிக் கட்டினால் பிய்ந்துவரும். மேல்பாகத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் பட்டைகள் மடிந்திருக்கின்றனவா என்பது தெரியும். முன்பு அணிந்தவரின் இடுப்பில் மடிந்த பட்டை உங்கள் இடுப்பில் வேறிடத்தில் குத்தும். இடுப்பு நாடா இல்லாவிட்டால், கடைக்காரர் சம்மதித்தால், உள்ளே கையால் சில இடங்களில் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும்போது பிரித்துவிடலாம்.

ஒத்திகை நாளில் பார்க்க வேண்டியவை

எதைத் தேர்ந்தெடுத்தாலும், திருமணத்துக்கு மூன்று வாரம் முன்பு, அன்று அணியப்போகும் அதே உள்ளாடையோடும் அதே செருப்போடும் ஒரு முழு ஒத்திகை வையுங்கள். கண்ணாடி முன் நிற்பதோடு நிறுத்தாமல், முழங்காலிட்டு எழுந்து, தாழ்வான நாற்காலியில் கால் மணி நேரம் உட்காருங்கள். உட்கார்ந்த நிலையில் கோர்செட்டின் கீழ்விளிம்புக்கும் தொடைக்கும் நடுவே ஒரு விரல் போக இடம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் முழங்காலிடும்போது மேல்விளிம்பு மேலேறி மார்பை முட்டும். ஒரு பாட்டை முழுவதும் பாடிப் பாருங்கள். வரியின் நடுவில் மூச்சு வாங்கினால் கயிற்றைத் தளர்த்த வேண்டும். கழற்றியபின் தோலில் சிவந்த கோடுகள் சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. ஒரே புள்ளியில் அரைமணி கழிந்தும் நிற்கும் தடம் அங்கே ஒரு பட்டை முனை குத்துகிறது என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்துத் தையல்காரரிடம் காட்டுங்கள்.

கோர்செட் அணிபவருடன் நாள் முழுவதும் இருக்கப்போகும் அக்காவோ தோழியோ அந்த ஒத்திகைக்கே வந்து, கயிற்றைக் கட்டவும் அவிழ்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். மயக்கம் வருவதுபோல இருந்தால் மணப்பெண்ணை உட்காரவோ படுக்கவோ வைத்து, உடனே இடுப்பு வளையங்களைத் தளர்த்த வேண்டும். கவுனின் ஜிப் தனி, கோர்செட்டின் கயிறு தனி என்று இரண்டு அடுக்காக இருந்தால், எதை முதலில் திறப்பது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கைப்பையில் தண்ணீரோடு ஒரு சிறு கத்தரிக்கோலும் இருக்கட்டும். முடிச்சு இறுகி அவிழாவிட்டால் கயிற்றை வெட்டிவிடலாம், மாற்றுக் கயிறு ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தால் ஓர் அறைக்குள் போய்ச் சில நிமிடங்களில் மீண்டும் கோத்துக்கொள்ளலாம்.